ஷிப்ராதியின் மங்கி குல்லாவும் என் பழுப்புக் கொழுப்பும்

கொல்கத்தா,
ஜனவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள மாதங்கிக்கு அம்மாவின் ஆசிகள்.

நான் சௌக்கியம், ரத்த அழுத்தமும் இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அபர்டீனில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்தேன், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. தீபாவளிக்குப் பேசும்போது உன் வேலையைப் பற்றிக் கேட்டேன், நினைவிருக்கிறதா. பழுப்புக் கொழுப்பை எம்.ஆர்.ஐ.யில படம் பிடிக்கறோம், உனக்குப் புரியாதும்மா, விடு என்றாய். களைப்பில் சொன்னாய், கோபமில்லை, ஆனாலும் எனக்குத் தைத்தது. உன் அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீசிலிருந்து வந்ததும் சரக்கு ரயில் விவகாரம் வரை என்னிடம் சொல்வார், இது உனக்குப் புரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெண் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் ஏதோ ஸ்கேன் என்று சொல்லிக்கொண்டே என் காலம் முடிய வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

உன் கல்லூரித் தோழி சாதனா நியூ டவுனில் இதே ஆராய்ச்சிதானே செய்கிறாள், அவளைப் பிடித்தேன். வயசானவா யாருமே ஸ்கேனுக்கு வரமாட்டேங்கறா மாமி, குளிர்ல உக்காரணும்னு சொன்னதும் ஓடிடறா என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் வருகிறேன், ஆனால் ஒன்று விடாமல் எனக்கு விளக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். நன்றாகவே விளக்கினாள். வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கும், பழுப்புக் கொழுப்பு எரிந்து உடம்புக்குச் சூடு தரும். பிறந்த குழந்தைக்கு அது நிறைய, வயதாக ஆகக் குறையும், மிச்சமிருப்பது பெரும்பாலும் கழுத்தெலும்புக்கு மேலே பதுங்கியிருக்கும். குளிர் பட்டால்தான் அது விழித்துக்கொள்ளும் என்பதால் முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட வேண்டும், காந்தம் என்பதால் கதிர்வீச்சுப் பயமில்லை. படத்தில் கொழுப்பு எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு என்று பிரித்துத் தெரியும். பிழை இருந்தால் திருத்து.

காந்தம் என்றதும் மூக்குத்தியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கல்யாணத்தில் போட்ட திருகு, இறுகிப்போயிருந்தது. கரியாஹாட்டில் நகைக்கடைக்காரர் எண்ணெய் விட்டுப் போராடிக் கழற்றிவிட்டு, இது எந்த ஜென்மத்தில் போட்டது மாஷிமா என்று கேட்டார்.

துணைக்குக் கீழ் வீட்டு ஷிப்ராதி வந்தார். துர்கா பூஜை முடிந்த கையோடு மங்கி குல்லா மாட்டி, ஹோலிக்குத்தான் கழற்றுகிறவர், உனக்குத் தெரியும். சாதனா என்னை மெல்லிய உடுப்பில் குளிர் அறையில் உட்கார வைத்து, நடுக்கம் வந்தால் உடனே சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஷிப்ராதி உள்ளே வந்து, இந்தப் பெண் உன்னைக் கொன்றே விடுவாள் கல்யாணி என்று வங்காளியில் திட்டிக்கொண்டே என்னைச் சால்வையில் சுற்றி, தன் குல்லாவை என் தலையில் மாட்டி, பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீயை ஊற்றிக் கொடுத்தார். விதி என்றால் விதி என்று கான்வென்டில் வளர்ந்தவள் நான், இருந்தும் இரண்டு வாய் குடித்துவிட்டேன். சாதனா வந்து பார்த்து, எல்லாம் போச்சு மாமி என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அன்றைய ஸ்கேன் வீண். டாக்சியில் வீடு வரைக்கும் நான் ஷிப்ராதியுடன் பேசவில்லை. இறங்கும்போது அவரே, சரி, அடுத்த தடவை நானும் உட்காருகிறேன், போதுமா என்றார்.

மறுவாரம் இருவரும் போனோம். குல்லா கழன்றதும்தான் ஷிப்ராதிக்கு இத்தனை முடி இருப்பதே தெரிந்தது. மெஷினுக்குள் படுத்தால் தலைக்கு மேல் டிராம் ஓடுகிற சத்தம். கான்வென்ட் சிஸ்டர்கள் முன்னால் மூக்கைக்கூடச் சொறியாமல் நின்று பழகியவள் நான், ஒரு படமும் அசைந்து கெடவில்லை என்று சாதனாவே சொன்னாள், மாப்பிள்ளையிடமும் சொல்.

இப்போது முடிவைக் கேள். எனக்குப் பழுப்பு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஷிப்ராதிக்கோ இரண்டு தோள் பக்கமும் இருக்கிறது, குளிருக்குப் பிறகு மாற்றமும் தெரிகிறது. ஒருவர் படத்தை வைத்து உடம்பு நல்லது கெட்டது என்று எதுவும் சொல்ல முடியாது என்று சாதனா படித்துப் படித்துச் சொன்னாள், யார் காதில் வாங்கினார்கள். லிஃப்ட்காரரிலிருந்து மீன்காரர் வரைக்கும், கல்யாணிக்கு வெறும் வெள்ளைதான் என்று ஷிப்ராதியின் தம்பட்டம். அதைக் கேட்டு எங்கள் கட்டடத்துப் பெண்கள் தங்களுக்கும் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள், சாதனாவுக்கு ஆள் பஞ்சம் தீர்ந்தது.

ஷிப்ராதியின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குளிருக்குப் பிறகு கொழுப்பின் பங்கு குறைந்து தெரிகிறதே, அது கொழுப்பு எரிந்ததாலா, அல்லது ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து நீரின் பங்கு ஏறியதாலா, இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். சாதனா என்னையே பார்த்துவிட்டு, மாமி, அங்க மாதங்கி மண்டைய உடைச்சுக்கறதே இதுக்குத்தான் என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, நெய்யைக் கண்டு பயப்படாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். என் கேள்விக்கு உனக்கும் இன்னும் பதில் தெரியாது என்றால் அதையே எழுது, எதுவரை தெரியும் என்று எழுது. நானும் இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா
கல்யாணி வைத்தீஸ்வரன்