எண்ணெய் எட்டாத இடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நானே படித்தேன். வைத்தியரம்மா கொடுத்த தாளை யாரிடமும் நீட்டி வாசிக்கச் சொல்லவில்லை. இந்த வயதில் நூலகத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டியது வீண் போகவில்லை. இந்தக் குறிப்பும் அங்கே தினம் எழுதிப் பழகச் சொன்னதுதான். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, மெதுவாக. விடியுமுன் எழவும். வெந்நீர் குடிக்கவும். நாக்கு வழிக்கவும். எண்ணெய் கொப்பளிக்கவும். உடம்பெங்கும் நல்லெண்ணெய் தேய்த்து, ஊறியபின் குளிக்கவும். மதியம் வயிறாரச் சாப்பிடவும், பொழுது சாய்ந்தபின் அரைவயிறு. இருட்டியதும் படுக்கவும். பகலில் தூங்கவே கூடாது.

முடித்தபோது வெயில் ஜன்னலை விட்டுச் சுவருக்குப் போயிருந்தது. அவ்வளவு நேரம். ஆனால் ஓர் எழுத்து விடவில்லை.

பகலில் தூங்கவே கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 4, புதன்

ஏன் சிரிப்பு என்றால், துணி ஆலையில் ஆயுசு முழுக்க இரவுக் காவல் பார்த்தவன் நான். மற்றவர்கள் எழும்போது படுப்பேன். மற்றவர்கள் படுக்கும்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். வேலை போயிற்று, டார்ச் போயிற்று. உடம்புக்கு மட்டும் இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

மகள் வீட்டில் போன மாதம் தங்கினேன். ராத்திரி தூக்கம் வராமல் கூடத்தில் நடந்தேன். நடந்தால் கை சும்மா இருக்கவில்லை. கதவுப் பிடிகளைத் தொட்டு, இழுத்து, பூட்டியிருக்கிறதா என்று பார்த்தது. வாசல் கதவு, அடுப்படிக் கதவு, பீரோ. பேரன் அலறி எழுந்துவிட்டான். கிளம்பும்போது மகள் சொன்னாள்: “ராத்திரி தூங்கப் பழகிட்டு வாங்கப்பா. அப்புறம் ஒரேயடியா இங்கயே இருந்துடலாம்.” மருமகன் கொட்டாவி விட்டார்.

அதற்குத்தான் வைத்தியரம்மா. அதற்குத்தான் தாள்.

மார்ச் 6, வெள்ளி

பகலில் தூங்காமல் இருப்பது எப்படி என்று தாளில் போடவில்லை. கண் தானாகச் செருகுகிறது. கீழே தையல்கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். தையல்காரருக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு, வாய் அதிகம்.

“என்னண்ணே, கடைக்குக் காவலா?”

“தூக்கத்துக்குக் காவல். சாஞ்சா எழுப்பிவிடு.”

சாய்ந்தேன். அளவு நாடாவால் காதில் தட்டினார். சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு நல்ல பொழுதுபோக்கு.

மார்ச் 8, ஞாயிறு

கடை விடுமுறை. தட்ட ஆளில்லை. தூங்கிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

எண்ணெய் தேய்ப்பது சுகமாகத்தான் இருக்கிறது. சூடு பண்ணி, தலையில் தொடங்கி, காது, கழுத்து, தோள், முட்டிக்கு வட்டமாக, பாதத்துக்கு அழுத்தி. என் உடம்பை நான் இவ்வளவு கவனமாகத் தொட்டதே இல்லை. இந்த முட்டியா இத்தனை காலம் படி ஏறியது என்று அதற்கே ஒரு மரியாதை வருகிறது.

ஆனால் முதுகின் நடுவே ஓர் இடம். மேலே இருந்து போனாலும் கை எட்டவில்லை, கீழே இருந்து வந்தாலும் எட்டவில்லை. “உடம்பெங்கும்” என்று போட்டிருக்கிறதே. அந்த இடம் உடம்பில் சேர்த்தி இல்லையா?

என் மனைவி இருந்தவரை இப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மார்ச் 13, வெள்ளி

தையல்காரரிடம் முதுகைப் பற்றிச் சொன்னேன்.

“நான் தேச்சு விட்டுடுவேண்ணே. ஆனா கையில எண்ணெய்ப் பிசுக்கு நின்னுதுன்னா, கல்யாணத் துணி வந்திருக்கு, கறையாயிடும். மாப்பிள்ளை சட்டையில உங்க முதுகு தெரியும்.”

பிறகு அவரே ஒரு பருத்திப் பட்டை வெட்டி, இரண்டு முனையிலும் பிடி வைத்துத் தைத்துக் கொடுத்தார். நடுப்பகுதியை எண்ணெயில் நனைத்து, முதுகுக்குப் பின்னால் போட்டு, இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல. கண்ணாடியில் பார்த்துவிட்டு நானே சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்திருப்பேன்.

மார்ச் 18, புதன்

நேற்று இருட்டியதும் படுத்தேன். கண் திறந்தால் ஜன்னல் வெளுத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ராத்திரி என்கிற ஒன்றே வரவில்லை. இப்படித்தான் எல்லாரும் தூங்குகிறார்களா? இவ்வளவு சுலபமா?

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவர்கள் தூங்கும் நேரம்.

மார்ச் 24, செவ்வாய்

வைத்தியரம்மா நாடி பிடித்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். “நல்லா இருக்கீங்க” என்றார். முட்டி வலி குறைந்ததைச் சொன்னேன், வயிறு சரியானதைச் சொன்னேன், தாளை நானே படித்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அவர் அதிகம் சிரித்தார். பிறகு, “வீட்ல யாரு கூட இருக்கா?” என்று கேட்டார்.

“இனிமே இருப்பாங்கம்மா” என்றேன்.

மகளிடம் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை போகிறேன். பெட்டியில் எண்ணெய்ப் புட்டி, நாக்கு வழிக்கும் கம்பி, பட்டை, தாள். ராத்திரி எழவே மாட்டேன். ஒரு கதவையும் தொட மாட்டேன்.

மார்ச் 28, சனி (மகள் வீடு)

தூங்கினேன். கல் மாதிரி. ஒரு கதவையும் தொடவில்லை.

ஆனால் விடியுமுன் எழுந்துவிட்டேன் அல்லவா. வெந்நீர் வைத்தேன். குளியலறையில் கொப்பளித்தேன், நாக்கு வழித்தேன். அந்தச் சத்தம் அந்த நேரத்தில் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேரன் எழுந்துவிட்டான்.

மருமகன் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. கடை சாத்தி வரவே நெடுநேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் அவரும் மகளும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இந்த வீடு விடிவதே வெயில் ஏறியபின்.

மார்ச் 29, ஞாயிறு

மெதுவாகத்தான் கொப்பளித்தேன். குளித்துவிட்டு வந்தேன். தரையைத் துடைக்க மறந்துபோனேன். எண்ணெய்த் தரையில் மருமகன் சறுக்கிவிட்டார். அடி இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாமா, போன தடவை ராத்திரியில விடல. இந்தத் தடவை காலையில விடல.” கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிவந்திருந்தது, தூக்கமில்லாமல்.

என்னய்யா பண்ணச் சொல்றீங்க என்னை. தூங்குன்னீங்க, தூங்கினேன். எந்திரிக்காம இருக்கவா பழகணும் இப்ப?

மார்ச் 30, திங்கள்

இன்று சத்தமே போடவில்லை. அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே பழைய துணி விரித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து நின்றாள். பட்டையை இழுப்பதைப் பார்த்தாள்.

“கொடுங்க” என்று அதை வாங்கி ஓரமாக வைத்தாள். கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு முதுகில் தேய்த்தாள். சரியாக அந்த இடம். சொல்லாமலே கை போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “சின்னதுல நீங்க முழிச்சிருந்து பாத்ததே கம்மிப்பா. ‘ஸ்ஸ், அப்பா தூங்கறாரு’ம்பாங்க அம்மா. பொம்மையைக்கூட மெதுவாத்தான் கீழ வைப்பேன்.”

“இன்னும் கொஞ்சம் மேல” என்றேன்.

மேலே தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, “இங்க ஒத்து வராதுப்பா” என்றாள். கை நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அதற்காகத்தான் அப்போது சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 1, புதன்

என் அறை. தையல்காரர் நான் படியேறுவதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். முக்காலியை மட்டும் எடுத்து வெளியே போட்டார். நான் உட்காரவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

பகலில் தூங்கினேன்.

ஏப்ரல் 4, சனி

தூங்கினேன். யாருக்காக எந்திரிக்கணும்? எண்ணெய் தேச்சு மினுக்கி யாருகிட்டக் காட்டணும்? ஆரோக்கியமா இருந்துட்டு என்ன பண்றது, இந்த நாலு சுவத்தை வெச்சுக்கிட்டு?

தாளை மடித்து மெத்தைக்கடியில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்னும் வெளுக்கவில்லை, போன் அடித்தது. அந்த நேரத்துப் போன் என்றால் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

“யாருக்கு என்னம்மா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. வெந்நீர் வெச்சிருக்கேன். நீங்க வெச்சாச்சா?”

“ஆச்சு ஆச்சு” என்று சொல்லிவிட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். சிரித்தாள்.

அதிகம் பேசவில்லை. குழந்தையும் அவரும் தூங்குகிறார்களாம், அதனால் கிசுகிசுப்பாகத்தான். அவள் அங்கே ஊதி ஊதிக் குடிப்பது கேட்டது. நான் இங்கே குடித்தேன். டம்ளர் காலியானதும் போனை வைத்துவிட்டோம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அடித்தது. இன்று நான் முதலிலேயே எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தையல்காரரிடம் சொன்னேன். “வெந்நீருக்கே இவ்ளோ சந்தோஷமாண்ணே, காபி குடிச்சா என்ன ஆவீங்க” என்றார். முக்காலியில் உட்கார்ந்தேன். கண் செருகவில்லை. இருந்தாலும் ஒருமுறை நாடாவால் தட்டினார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று போன் அடிக்காது என்று நேற்றே சொல்லிவிட்டாள். முதல் பேருந்தில் வருகிறாள். குழந்தை எழுமுன் திரும்பிவிட வேண்டுமாம்.

ஒரு டம்ளருக்குப் பதில் இரண்டு டம்ளர் வைத்திருக்கிறேன். எண்ணெய் சூடாக இருக்கிறது. பட்டை ஆணியில் தொங்குகிறது. முதுகின் நடுவை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேய்த்தாயிற்று.