கருப்பு கோயில் மேட்டில் அணைத்த வண்டி

குன்னம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள தமிழழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பானுவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். பதினைந்து நாள் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன், நீயோ அப்பா பேச்சை எடுத்தாலே ஷிஃப்டுக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். மூன்று தடவை அப்படி ஆயிற்று. மேலத்தெரு ஜெயப்பிரகாஷ் இன்று சாயங்காலம் பூனாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றுவிட்டது, இருக்கிற ஈரத்தில் எவ்வளவு தேறுமோ தெரியவில்லை. பானு கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருக்கிறாள், உன்னிடம் தானே சொல்லப்போவதாகச் சொன்னாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இப்போது வண்டி விஷயம். நம் டிப்பரின் டர்போ போய்விட்டது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும், அன்றைக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. எனக்கே அப்பா சொல்லவில்லை, கூட ஓட்டுகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு குவாரிப் பள்ளத்திலிருந்து பாதி மேடு ஏறும்போது விசில் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நீலமாகப் புகை, அதோடு இழுவையே இல்லை. வண்டி பின்னால் நழுவியிருக்கிறது. அப்பா பிரேக்கை மிதித்துப் பிடித்து, பின் டயரை மண் மேட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். பின்னாலேயே இன்னொரு டிப்பர் வந்துகொண்டிருந்ததாம். வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டார், எட்டு மாதத்தில் ரெண்டாவது டர்போ என்று சொல்லத்தான். நீ கேட்டாய், இருபது வருஷமா வண்டி ஓட்டுறீங்க, ஆயில் பாக்கக்கூடவா தெரியல என்று. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நீ பயத்தில் கேட்டாய் என்று எனக்குத் தெரியும் சாமி, பயந்தால் முதலில் கத்துகிறவள் நானும்தான், என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து அவர் தினம் காலையில் பட்டறைக்குப் போய், ஓடாத வண்டிக்கு ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்.

பட்டறை உத்திராபதி அந்த டர்போவைக் கழற்றி என் கண் முன்னாலேயே பிரித்தான். நடுத்தண்டு அடிப்பிடித்த சட்டி மாதிரி கருகிக் கிடந்தது. ஆயில் இல்லாம போவலக்கா, ஆயில் வெந்துபோயிருக்கு என்றான். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. வெப்பவியல் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதியவள் நான், இதுகூடப் புரியாதா என்று உட்கார்ந்து படித்தேன். அந்த வேலையிலேயே இருக்கிறவன் நீ, சரியா என்று பார். எஞ்சின் வெளியே தள்ளுகிற சூடான புகை ஒரு பக்கம் சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது, காற்று கூடினால் கூடுதல் டீசலும் ஒழுங்காக எரிகிறது, அதனால்தான் இழுவை. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்று வரை சுற்றுகிறது, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். எஞ்சினை அணைத்தால் ஆயில் வருவது அந்த நொடியே நின்றுவிடும், சூடு மட்டும் அங்கேயே நிற்கும், தண்டில் மிச்சமிருக்கிற ஆயில் அதில் வெந்துபோகும். அப்படியானால் அப்பா எங்கேயோ சூடு தணியாமல் அணைக்கிறார்.

லோடு ஏற்றியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். எடை மேடை, வரிசை, டீக்கடை எல்லாம் சொன்னார். பள்ளத்திலிருந்து ஏறினதும் என்று நான் கேட்டதற்கு, ஏறினதும் என்ன, கருப்பு கோயில் என்றார். அவ்வளவுதான் தமிழு, எனக்கு விளங்கிவிட்டது. மேடு ஏறி முடித்த நிமிஷமே, சாமிக்கு முன்னால் வண்டி உறுமக்கூடாது என்று எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்கிக் கற்பூரம் ஏற்றுவார். ஒரு நாளைக்கு நான்கு நடை, நான்கு தடவை. பழைய வண்டியில் டர்போவே கிடையாது, அதனால் அத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இந்த வண்டி வந்து ரெண்டு வருஷமாகிறது, பழக்கம் மட்டும் பழைய வண்டியோடது. நீயும் நினைத்துப் பார். லீவு நாளில் நீ அப்பாவோடு போவாயே, கருப்பு கோயில் வந்தால் சாவியைத் திருப்பி அணைப்பது உன் வேலை, அதை வேறு யாருக்கும் தரமாட்டாய். ஏழு வயசில் உனக்குத் தெரியாதது அவருக்கு நாற்பத்தைந்து வயசிலும் தெரியவில்லை, யாரும் சொல்லவில்லை, இதில் யாரைக் குறை சொல்வது.

சொன்னதும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாமிக்குப் பண்ணது எப்படிக் குத்தமாவும் என்றார். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு, அதாவது டூவீலரை, நேராகப் பூசாரி வீரமணியிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, வண்டி நின்னா போதும்யா, மூச்சும் நிக்கணும்னு கருப்பு எப்பக் கேட்டுச்சு என்றாராம். இனி மேடேறி நிறுத்தி, எஞ்சினை ரெண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் அணைப்பதென்று முடிவு. தானே ஒத்துக்கொண்டார்.

இப்போது புது டர்போ எது என்பதுதான் பாக்கி. உடைக்க வந்த பன்னிரண்டு சக்கர லாரியிலிருந்து பெரிய டர்போ ஒன்று உத்திராபதியிடம் நல்ல நிலையில் இருக்கிறது. இதப் போடு மாமா, பள்ளத்துலேர்ந்து பூ மாதிரி தூக்கிட்டு வந்துரும் என்று அப்பாவிடம் ஆசை காட்டுகிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரிய சக்கரத்தைச் சுற்ற நிறையப் புகை வேண்டும், நம் ஆறு சக்கர வண்டியின் எஞ்சின் அடி கியரில் மெதுவாக ஏறும்போது அத்தனை புகைக்கு எங்கே போகும்? சக்கரம் வேகம் பிடிக்கும்வரை இழுவைக்குக் காத்திருக்க வேண்டும். நீண்ட ரோட்டில் காத்திருக்கலாம், லோடோடு பாதி மேட்டில் காத்திருக்க முடியுமா? அந்த எஞ்சினுக்கென்று வந்த அளவுதான், கீழ் வேகத்திலேயே காற்று கொடுப்பதுதான், பள்ளத்து வேலைக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். நான் சொன்னால் அப்பா, நீ புஸ்தகத்தப் பாத்துச் சொல்ற என்கிறார். உத்திராபதியிடம் மட்டும் நேற்றுச் சொன்னாராம், வெள்ளிக்கெழம வரைக்கும் பொறு, எம் பையன் தெனம் டர்போ மாட்டுறவன், அவன் சொல்றதப் போடு என்று. உனக்குப் போன் போட மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பழைய டர்போவின் தகட்டில் இருந்த நம்பர் அது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எழுதிவந்தார், வீட்டுக்கு வந்தபிறகு கடைசியில் இருப்பது எட்டா மூன்றா என்று சந்தேகம் வந்து, திரும்பவும் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் கீழே, வேற ஏதும் பாக்கணுமா கேளு என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். உனக்கு அப்பா எழுதின முதல் எழுத்து அதுதான், கசக்கிப் போட்டுவிடாதே.

நீ எடுக்கிற வேலை எல்லாம் நல்லபடியாக முடியட்டும், கண்ணும் கையும் பத்திரமாக இருக்கட்டும், கருப்பு உனக்குத் துணை இருப்பார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேசு. என் நம்பருக்கு வேண்டாம், அவர் நம்பருக்கு. கோபத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் பேச வேண்டியதில்லை, டர்போ எது என்று மட்டும் சொன்னால் போதும்.

உன் அம்மா,
வெற்றிச்செல்வி