சுவரில் ஒட்டிய பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். இந்த ‘மூவரும்’ என்ற சொல்லை எழுதிப் பார்ப்பதற்காகவே ஒரு கடிதம் போடலாம் போலிருந்தது. போனில் சொன்னால் இரண்டு நொடியில் போய்விடுகிறது.

பெண் பிறந்தாள் என்று அன்றே சொன்னேன். பெயர் என்ன என்று நீ கேட்டதும், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெயரால் வீட்டில் பத்து நாளாக எனக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தாயே, நினைவிருக்கிறதா? எல்லோரும் ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், பட்டியலிலிருந்து ‘செலின்’ என்பதைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒரு மாதம் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டாய். லத்தீனில் வானத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அந்த நாட்டில் ஒரு காலத்தில் பிறந்த பெண்களில் ஏகப்பட்ட பேருக்கு இதுதான் பெயர் என்று டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாய். ஏகப்பட்ட பேருக்கு இருந்தால் அதில் உனக்கென்ன பெருமை என்று கேட்டு நான் குட்டு வாங்கினேன்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை இவளிடம் சொன்னேன். பெண் பிறந்தால் செலின்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை, பிறக்கும் வரை வெளியில் மூச்சுவிடக் கூடாது. நானும் தலையாட்டினேன்.

என் வேலை உனக்குத் தெரியும், பிறப்புப் பதிவு கவுன்டர். பக்கத்துச் சுவரில் ஒரு மாதிரிப் படிவம் ஒட்டியிருக்கும். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் குழந்தை பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் தங்கள் பெயரை எழுதிவிடுவார்கள். ஏழு வருடத்துக்கு முன் பழைய மாதிரி கிழிந்துபோனது. மேலதிகாரி என்னிடம் ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்து, நிரப்பி ஒட்டச் சொன்னார். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் நான் செலின் என்று எழுதினேன்.

வினை அங்கே தொடங்கியது. இரண்டு நாள் தூங்காத முகத்தோடு வரும் அப்பன்மார்களை நீ பார்த்ததில்லை. முதலில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். “வீட்ல பேரே சொல்லி அனுப்பல சார், அதோ செவுத்துல இருக்கே, அது நல்லாத்தான் இருக்கு” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து மருந்துக்கடைக்காரர், பிறகு அவர் மச்சினன். எழுதிக் கொடுத்ததைப் பதிவதுதான் என் வேலை. இந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். போன மாதம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நேரிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். நெட்டை செலின், குட்டை செலின், மூக்கு ஒழுகும் செலின் என்று கூப்பிட வேண்டியிருக்கிறதாம்.

ஊரில் செலின்கள் பெருகுவதை இவளும் கவனித்தாள். ஏதாவது சினிமாவில் வந்திருக்கும் என்றாள். இருக்கும் என்று நானும் சொல்லிவைத்தேன். கோழை என்று நீ திட்டுவது கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் குட்டு உடைந்தது. ஊசி போட வந்த நர்ஸ், செலின் அம்மா யாரு என்று கேட்க, அந்த வார்டிலேயே மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். இவள் சிரித்துக்கொண்டே எப்படி இத்தனை என்று கேட்டிருக்கிறாள். “பதிவு ஆபீஸ் செவுத்துல எழுதி ஒட்டியிருக்காங்கம்மா, பாதிப் பேரு அதப் பாத்துதான் வைக்கறாங்க” என்று நர்ஸ் சொன்னபோது, நான் ஃபிளாஸ்க்கோடு உள்ளே நுழைந்தேன். இவள் என்னைப் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது.

அதன் பிறகு பால், துணி, நாப்கின் தவிர வேறு பேச்சில்லை. “என் புள்ள பேர ஊருக்கெல்லாம் வாரி விட்டுட்டீங்க” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். வேறு பெயர்கள் இருபது எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்து ஆடும் மேஜைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டாள். மேஜை இப்போது ஆடுவதில்லை.

நேற்று பதியப் போனோம். இத்தனை வருடத்தில் இவள் என் ஆபீசுக்கு வந்தது அதுதான் முதல் முறை. சொந்தக் குழந்தையை நானே பதியக் கூடாது என்பது விதி, அதனால் என் நாற்காலியில் பக்கத்து சீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வரிசையில் நின்றேன். இவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் அருகில் போய் அந்த மாதிரிப் படிவத்தைப் படிக்கத் தொடங்கினாள்.

அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் இவள் பெயர். தந்தையின் பெயர் என் பெயர். பிறந்த தேதி, டாக்டர் எங்களை உட்கார வைத்து இனிமேல் குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று சொன்ன நாள். அன்று இவளை வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தபோதுதான் மேலதிகாரி அந்தப் படிவத்தை நீட்டினார். அந்தக் கட்டத்தில் அந்தப் பெயரை எழுத இனி எனக்கு வேறு படிவம் கிடைக்காது என்று நினைத்தேன். எழுதிவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். இதை இவளிடம் நான் சொன்னதே இல்லை.

இவள் தேதியை இரண்டு முறை படித்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் நின்றாள். குழந்தை பேரு என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். செலின் என்றாள் இவள். “இன்னொண்ணா மேடம்” என்று அவர் சிரித்தார். “இன்னொண்ணு இல்ல சார். இவதான் மொத ஆளு. செவுத்துல தேதியப் பாருங்க” என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன், அக்கா.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வேலையைப் பார், உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்று மட்டும் செய். பதில் போடும்போது உறையின் மேல் என் பெயரை எழுதாதே, மகள் பெயரை எழுது. அந்தப் பெயருக்கு எங்கள் வீட்டு விலாசத்தில் ஒரு தபால் வர வேண்டும்.

நீ நூறு வயது நலமாக இருக்க வேண்டும்.

உன் தம்பி