ஆடிய அலன் கீ

என் கல்புக்கு நெருங்கிய கூட்டாளி, மச்சான் நிசாமுக்கு,

கபுறுக் குழியில் கிடப்பவனையும் தூங்கவிடாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன் மகன் பர்ஹான் சுபஹு தொழுதுவிட்டுக் கடலுக்குப் போனவன். மத்தியான லுஹர் பாங்கும் சொல்லியாயிற்று. கற்பிட்டிக் கரைக்கு மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. அவனுக்குப் போன் எடுத்தால் போகவில்லை.

யுத்தம் முடிந்து, நேவி பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகலாம் என்றானதும் நீ ஆசையாக வாங்கினாயே, அதே படகு எஞ்சின். அதைத் திருப்பும் கைபிடியை நேற்றுப் பின்னேரம் என் எஞ்சின் திருத்தும் கடையில் நான்தான் பூட்டினேன். நான்கு அலன் போல்ட். தலையில் ஆறு மூலைக் குழி வைத்த, நீ ஏசி ஏசிக் கழற்றுகிற அதே சாதி.

நீ மௌத்தான பிறகு, இடம் மிச்சம் என்று அலன் கீகள் போட்டுவைத்த உன் இரண்டு டின்களையும் ஒன்றாகக் கொட்டியிருந்தேன். அங்குலக் கீயும் மில்லிமீற்றர் கீயும் கலந்துபோயின. என் கையில் வந்தது அங்குலக் கீ. ஐந்து மில்லிமீற்றர் குழிக்குள் அது போனது, ஆனால் ஆடியது. குழியிலிருந்த உப்பைச் சுரண்டிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஆடியது. பொலித்தீன் துண்டைச் சுற்றி இறுக்கினேன். நீ இருந்திருந்தால் கீயைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டிருப்பாய்.

கடைசித் திருப்பில் கை சட்டென்று சுழன்றது. போல்ட் இறுகியதா, குழியின் மூலைகள்தான் மழுங்கினவா? இன்று கடையைக் கூட்டும்போது சரியான கீ மேசைக்கடியில் கிடந்தது. தென்மேற்குக் கச்சான் காற்று வேறு தூக்கி அடிக்கிறது. கைபிடி கழன்றால் படகு எந்தப் பக்கம் போகும், மச்சான்?

உன் மனைவி சரீனாவிடம் போய்ச் சொன்னேன். என்னை அண்ணனாக எண்ணி நானா என்று கூப்பிடுகிறவள் கேட்டாள்.

"நானா, கீ ஆடினது அப்பவே தெரியுமா?"

"ஓம் தங்கச்சி. தெரிஞ்சிதான் உட்டேன்."

"போய் என்ட புள்ளயக் கொண்டாங்க."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பக்கத்துப் படகுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நானும் ஏறுகிறேன். சட்டைப்பையில் சரியான கீயும் நான்கு புதுப் போல்ட்டும் இருக்கின்றன. போதுமா? தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

வல்லாஹி, அவனைக் காணாமல் கரைக்குத் திரும்பமாட்டேன். கண்டால், எஞ்சின் பழசு என்று பழியை அதன்மேல் போடமாட்டேன். தெரிந்தே விட்டேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதைக் கேட்கவாவது அவன் இருக்க வேண்டும், மச்சான்.

உன் மச்சான்,
உன் பிள்ளைக்குச் சாச்சா,
றியாஸ்