சிவப்புத் துணி கட்டிய கிடாரம்

சாய்ந்தமருது,
நோன்பின் கடைசிப் பத்து.

அன்பு மகள் றுஸ்தாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ஸஜாதும் பேத்தி அம்ஹாவும் தோஹாவில் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடியே இதைத் தொடங்குகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம், நோன்பு பிடிக்கிறோம், அவ்வளவுதான். போன் இருக்கும்போது உம்மா எதற்குக் கடதாசி எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். போனில் கதைத்தால் வாப்பா கதவோரம் வந்து நிற்கிறார், நீயும் நான் இரண்டு சொல் சொல்வதற்குள் மருந்து கொடுக்கிற பாமசிக்காரியாகி எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறாய். கடதாசியென்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. பக்கத்து வீட்டு ஸுஹைறாவின் மகன் றம்ஸீன் லீவு முடிந்து நாளைக்குத் தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், வாங்கியதும் சமையலறைக்குள் போய்த் தனியாக இருந்து படி.

முதலில் மற்றக் கதைகளைச் சொல்லிவிடுகிறேன். நிந்தவூர் வயல் ஒருவழியாக வெட்டி முடிந்தது, வெட்டின கையோடு மழை பெய்ததால் நெல்லை ரோட்டோரம் படங்கு விரித்துக் காயப்போட்டோம், பஸ் போகும்போதெல்லாம் தூசி, பரவாயில்லை, சோற்றுக்கு ஆகும். ஒலுவில் பக்கம் மீன்பிடி போட்டுகள் கடலுக்குப் போகிறதே குறைவு, மீன் வாங்கினால் கீரிமீன், இல்லாவிட்டால் கருவாடு. அம்ஹாவுக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன், வாப்பாவுக்கும் காட்டினேன், உன்ட மகள் கிழவியாப் போயிட்டாள் எண்டு சொல்லு என்று சொல்லிச் சிரித்தார். இந்த மாதம் அவர் சிரித்தது அது ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். வாப்பாவோடு காவல் முகாமில் இருந்த பக்கீர் காக்கா மௌத்தானது உனக்குத் தெரியும். அவருடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிறதுக்கு நானும் வாப்பாவும் போயிருந்தோம், சஹன் தட்டுகளில் சோறு வைக்கிற நேரத்தில் ஒரு வயதான சிங்கள மனிதர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெயர் சோமபால. அந்தக் காலத்தில் முகாமில் மருந்து கட்டுகிற வேலை செய்தவராம். பக்கீரைப் பார்த்து ஒரு கதை சொல்ல வேண்டுமென்று வந்திருக்கிறார், வந்த இடத்தில்தான் மௌத்துச் செய்தி தெரிந்திருக்கிறது. பிறகு வாப்பாவை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார், என்னையும் கூப்பிட்டார். தெரிந்த தமிழில் தட்டுத் தடுமாறித்தான் சொன்னார், ஆனாலும் ஒரு சொல் விடாமல் எங்களுக்கு விளங்கியது.

நீ பிறக்கும் முன்பு, சண்டைக் காலத்தில், ஊரில் பொடியன்மாரைக் காவல் வேலைக்கு எடுத்தார்கள், வாப்பாவும் பக்கீர் காக்காவும் அப்படித்தான் சீருடை போட்டார்கள். எங்களுக்குக் கலியாணம் முடிந்து வந்த முதல் நோன்புக்கு வாப்பா முகாமில்தான் இருந்தார். அந்த நோன்பில் முகாமிலேயே இவர்களுக்கென்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், இரண்டு பெரிய கிடாரம், ஒன்றின் காதில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். இடப்பக்க வரிசைக்கு அந்தக் கிடாரத்திலிருந்து, வலப்பக்க வரிசைக்கு மற்றக் கிடாரத்திலிருந்து. குடித்து முடிந்ததும் வெளியிலிருந்து வந்த டொக்டர்மார் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பார்களாம், நாடி பிடிப்பார்களாம், நூறிலிருந்து பின்னுக்கு எண்ணச் சொல்வார்களாம். இவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா மகள், நம்முடைய நோன்பை மதித்துக் கஞ்சியும் காய்ச்சித் தந்து உடம்பையும் பார்க்கிறார்களே என்று நினைத்தார்கள். ஊரிலிருந்த தாய்மார் எல்லாம் அந்த முகாம்காரருக்கு துஆக் கேட்டோம். லீவில் வந்த வாப்பா நான் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டு, எங்கட முகாம் கஞ்சிக்குக் கிட்டவும் வராது புள்ள, அவனுகள் இஞ்சி போடுற மாதிரி உனக்குப் போடத் தெரியா என்று பகிடி பண்ணினார். புதுப்பெண்தானே, நான் கோபித்துக்கொண்டு குசினிக்குள் போய் இருந்தேன்.

சிவப்புத் துணி கட்டின கிடாரத்தில் மருந்து கலந்திருந்ததாம். காவலில் நிற்கிறவர்களுக்கு நித்திரை வராமல் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்கிற மருந்து என்று மட்டும்தான் சோமபாலவுக்குத் தெரியும், மருந்தின் பெயர் அவருக்கும் தெரியாது. கைப்புத் தெரியாமல் இருக்க இஞ்சியை அள்ளிப் போடச் சொன்னார்களாம். வாப்பாவும் பக்கீர் காக்காவும் இடப்பக்க வரிசை. அந்த நோன்பு முழுக்க இதுதான் நடந்திருக்கிறது, ஒருவரையும் ஒரு சொல் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அந்த மனிதர் அழுதார். வாப்பா அழவில்லை, வலப்பக்கத்து ஆக்களுக்கு ஒண்டும் கலக்கல்லயா என்று மட்டும் கேட்டார், இல்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டார், சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகு நான் என்னென்னத்தை யோசித்தேன் என்று உனக்குச் சொல்லி முடியாது. வாப்பாவின் கை நடுக்கம், கண்ணை மூடினால் எழும்பி வாசலுக்கு ஓடுகிறது, சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரோடோ கணக்குச் சொல்கிறது, எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்த பெயர் ஜின். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தோம், கழுத்தில் இஸ்மு எழுதிய தாயத்துக் கட்டினோம், வாசற்படியில் ஆணி அடித்தோம். உனக்கு வந்த முதல் சம்பந்தம் ஜின் பிடித்தவனின் மகள் என்றுதானே திரும்பிப் போனது, அன்றைக்கு நீ அழுத அழுகை வாப்பாவின் காதிலும் விழுந்தது. ஜமாஅத்தில் நின்றால் எத்தனையாவது றக்அத் என்று மறந்துபோய், மற்றவர்கள் தலையைத் தரையில் வைத்து சுஜூதில் இருக்க இவர் மட்டும் எழும்பி நிற்பார், பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும், அந்த வெட்கத்தில் பள்ளிக்குப் போவதையே விட்டார். இப்போதும் வீட்டில்தான் தொழுகிறார், நான் பின்னால் இருந்து ஒவ்வொரு றக்அத்துக்கும் வளையலைத் தட்டுகிறேன், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் முடிக்கிறார். ஜின் என்றால் யாஸீன் ஓதி ஏசலாம். இனி நான் ஆரைப் போய் ஏசுவது?

கத்தம் முடிந்து வந்த அன்றிலிருந்து வாப்பா ஒரு மருந்தும் தொடுவதில்லை. சீனி வருத்தத்துக்கு எடுக்கிற குளிசையை எறிந்தார், நீ அனுப்பின விட்டமினையும் எறிந்தார். கடையில் தேத்தண்ணி குடிப்பதில்லை, ஸுஹைறா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால் பூனைக்கு வைத்துப் பார்க்கிறார், வெளியிலிருந்து வருகிற தண்ணீர்ப் போத்தலைக்கூட மூடி உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். என் கையால் கொடுப்பதை மட்டும் ஒன்றும் கேட்காமல் தின்பார். இடது கால் சின்னவிரல் புண் கறுத்துவிட்டது என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னா, குளிசையும் ஊசியும் எடுத்தால் விரலோடு போகும், எடுக்காவிட்டால் காலும் போகும், ஆளும் போகும் என்று. வாப்பா வேணாம் என்று ஒரு சொல்தான் சொன்னார். நோன்பு பிடிக்க வேண்டாம் என்றதற்கும் அதே சொல்தான்.

அப்போதுதான் நீ போனில் சொன்னாய், குளிசைகளைப் பொடித்துக் கஞ்சிக்குள் கலந்து கொடுங்க உம்மா, வாப்பாக்குத் தெரியவே வராது என்று. நான் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு வாப்பா வேண்டும், எனக்கும் வேண்டும். நான் செய்தேன் மகள், நீ சொன்னபடியே செய்தேன். அம்மியில் வைத்துப் பொடித்து, வாப்பாவின் கோப்பையில் மட்டும் கலந்தேன். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், ஒரே கைப்பு. கைப்பு என்றால் சமைக்கிறவளின் கை என்ன செய்யும், நான் யோசிக்கவே இல்லை, இஞ்சியைத் தட்டிப் பிழிந்து விட்டேன். பாங்கு சொன்னது, பேரீச்சம்பழம் தின்றார், என் கையிலிருந்து கோப்பையை வாங்கினார், பிஸ்மி சொல்லி வாய்க்குக் கொண்டுபோனவரின் கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். சுஹறா, இண்டைக்கு இஞ்சி கூடயா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. கோப்பையை வாங்கிக் கொண்டுபோய் முருங்கையடியில் ஊற்றினேன், திரும்பி வந்து மகள் சொன்னாள் நான் கலந்தேன் என்று சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போய் மஃரிப் தொழுதார், நான் வளையலைத் தட்டினேன், அவர் அந்தச் சத்தத்தைக் கேட்காதவர் போல, மூன்றோடு முடிக்க வேண்டிய தொழுகையில் நான்காவது றக்அத்துக்கும் எழும்பி நின்றார்.

அன்றிலிருந்து அவர் என் கையால் தின்பதில்லை. தன்னுடைய கஞ்சியைத் தானே காய்ச்சுகிறார். அரிசி களைய உட்கார்ந்தால் பாதி தரையில் கொட்டுகிறது, அடுப்பிலிருந்து இறக்கும்போது நடுக்கத்தில் கையில் ஊற்றி இரண்டு விரல் வெந்துவிட்டது, அதற்கும் மருந்து பூச விடவில்லை. நான் குசினி வாசலில் நின்று பார்க்கிறேன், என் சீதன வீட்டுக் குசினியில் நான் விருந்தாளி மாதிரி நிற்கிறேன். நீயும் நானும் நல்லது நினைத்துத்தான் செய்தோம். அந்த முகாமில் கலந்தவர்களும் தாங்கள் ஏதோ நல்லது செய்கிறதாக நினைத்திருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் வாப்பா வாசலில் இருந்து பூனையோடு கதைப்பது போலச் சொன்னார், அவனுகளாவது எனக்குப் பிற ஆக்கள் என்று. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

புண் இப்போது பக்கத்து விரலுக்கும் போய்விட்டது, மணக்கத் தொடங்கிவிட்டது, உனக்கு ஒளித்துப் பிரயோசனமில்லை. பெருநாள்வரை பார்க்கலாம், அதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது என்று டொக்டர் பிள்ளை சொல்லியிருக்கிறா. இனிமேல் ஒளித்துக் கொடுக்கிற யோசனை ஒன்றும் எனக்குச் சொல்லாதே. நித்திரையில் ஊசி போடலாம், சாறனைப் பிடித்துக்கொண்டு ஆட்களை வைத்துத் தூக்கலாம் என்று ஸஜாதின் வாப்பாவும் சொன்னார், நான் அவருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டேன். உயிரைப் பிடித்து வைக்கிறேன் என்று அந்த மனிதனை இன்னொரு தரம் இடப்பக்க வரிசையில் இருத்த என்னால் முடியாது. இதற்காக நீ என்னைப் பிறகு வெறுத்தாலும் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

நோன்போடு நோன்பாக உன் உடம்பையும் பார்த்துக்கொள், விடிய முன்னம் சஹருக்கு எழும்பாமல் வெறும் வயிற்றோடு நோன்பு பிடிக்காதே, அம்ஹாவுக்குத் தலைக்கு எண்ணெய் வை, மருமகனோடு இந்தக் கதையை வைத்துச் சண்டை பிடிக்காதே. றம்ஸீனிடம் கொஞ்சம் மாசித்தூளும் அரிசிமாவும் கொடுத்துவிடுகிறேன். அல்லாஹ் உங்கள் மூவரையும் நோயில்லாமல், ஒருவர் கையால் மற்றவர் நம்பித் தின்கிற வீடாக வைத்திருக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு
உன் உம்மா
சுஹறா

கடதாசியை மடிக்கும் நேரம் வாப்பா வந்து ஆருக்கு எழுதிறாய் என்று கேட்டார். உனக்கு என்றேன், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். பிறகு, நான் அவளோட கோவமில்ல எண்டு எழுது, போன் எடுக்கச் சொல்லு, உன்னட்ட இல்ல, என்னட்ட, என்ன மருந்து என்னத்துக்கு எண்டு சொல்லிப்போட்டு என்னட்டக் கேக்கச் சொல்லு, என்னட்ட இதுவரைக்கும் ஆரும் கேக்கல்ல என்றார். கதவடிவரை போனவர் திரும்பி நின்று, நான் வேணாமெண்டு சொன்னா அழப் படாது எண்டும் எழுது என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன் மகள். இது கையில் கிடைத்த உடனே வாப்பாவுக்குப் போன் எடு.