ஆக்சிஜனில் ஒட்டியிருந்த மாத்திரைகள்

என் தங்கமான நைனாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத வார்த்தை வரவில்லை. இன்று வருகிறது.

உன் சின்னப் பொண்ணு பவி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்து ஓர் அணு மாதிரி செய்து வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போயிருந்தபோது தானே செய்து முடித்துவிட்டு, கெமிஸ்ட்ரி படித்தவள் என்று என்னைச் சரிபார்க்கக் கூப்பிட்டாள். ஆக்சிஜன். புரோட்டானுக்கு உன் பேரிங் குண்டுகள், நியூட்ரானுக்குக் கொண்டைக்கடலை. சுற்றுப்பாதைக்கு அம்மாவின் பழைய வளையல் ஒன்று, அதற்கு வெளியே கட்டுக்கம்பி வளையம். எலெக்ட்ரான்கள் உள்ளே இரண்டு, வெளியே ஆறு, எல்லாம் வெள்ளையாக, ஒரே அளவில்.

எண்ணிக்கை சரிதான். ஆனால் ஒன்றைத் தொட்டபோது விரலில் ஒரு கோடு தட்டுப்பட்டது. பாதியாக உடைப்பதற்கு மாத்திரையின் நடுவில் போட்டிருப்பார்களே, அந்தக் கோடு.

"இது ஏதுடி?"

"நைனாவோட பேரிங் டப்பாவுல, குண்டுக்கு அடியில கீதுக்கா. நெறைய கீது. செம கரெக்டு சைஸு, இல்ல?"

பரணிலிருந்து அவள் இறக்கியிருந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டின. உன் பிரஷர் மாத்திரைகள். சிலவற்றில் கிரீஸ் கறை.

தினமும் காலையில் அம்மா அட்டையிலிருந்து பிதுக்கி உன் உள்ளங்கையில் வைப்பாள். நீ வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாய். பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது வாயைத் துடைப்பதுபோல் துடைத்து, அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் விடுவாய். நான் பார்த்திருக்கிறேன், நைனா. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பார்த்தேன், கேட்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரமே நீ சொன்னாய்: "இத்த போட்டா பிரஸ் மெஷின் முன்னாடி தலை கிர்ருனு சுத்துதும்மே." அம்மா, "போகப்போகப் பழகிடும், முழுங்கு" என்றாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு விரலைக் கொடுத்தவர்களை எனக்கும் தெரியும். உன் பயம் புரிகிறது. ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மாத்திரை எழுதியிருப்பாரே? கேட்கக் கூச்சப்பட்டாயா? அந்தக் கூச்சத்தைத்தான் எனக்கும் கொடுத்துவிட்டுப் போனாயா? தூக்கிப் போடாமல் ஏன் சேர்த்து வைத்தாய்?

மூளையில் ரத்தக்கசிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து, துக்கம் விசாரிக்க வருகிற எல்லோரிடமும் அம்மா ஒன்றையே சொல்கிறாள்: "ஒரு நாள் தப்பாம என் கையால மாத்திரை குடுத்தேனே." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்து நடக்கிறாள். இந்த ஆக்சிஜன் அவள் கண்ணில் பட்டால்?

எட்டையும் பெயர்த்து எடுத்தேன். பவி அழுதாள். "மார்க் போச்சுன்னா நீதான் மிஸ்ஸாண்ட வந்து பேசணும், பார்த்துக்கோ!"

"ஜவ்வரிசி ஒட்டுடி. எலெக்ட்ரான் அதைவிடப் பொடிசு."

அம்மா வருவதற்குள் பசை காய்ந்துவிட்டது. மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

மறுநாள் காலை அம்மா தன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். என்னையும் அறியாமல் எதிரில் போய் நின்றேன்.

"வாயத் தொறம்மா."

"இன்னாடி இது புதுசா?"

"தொற. நாக்கைத் தூக்கு."

சிரித்துக்கொண்டே காட்டினாள். டம்ளரைக் கழுவப் போனவள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நான் இன்னா, உங்க நைனாவா?"

குழாய்த் தண்ணீர் டம்ளரில் விழுந்து வழிந்துகொண்டே இருந்தது. அவள் அதை மூடவில்லை.

அவளுக்குத் தெரியுமா, நைனா? எப்போதிலிருந்து? தெரிந்துமா எல்லோரிடமும் அப்படிச் சொல்கிறாள்?

வழக்கம்போல் நான் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். ஆனால் இன்று சாயங்காலம் அவள் வந்ததும், பையிலிருக்கும் பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துக் கேட்கப்போகிறேன். அழுதாலும் திட்டினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கண்ணால் பார்த்ததை வாயைத் திறந்து கேட்காமல் இனி ஒருவரையும் வாசல் தாண்ட விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

பார்த்தும் கேட்காமல் இருந்துவிட்ட
உன் பெரிய பொண்ணு,
நித்யா
மேனாம்பேடு