அண்ணன் எழுதியது

ஜூன் 14, சனிக்கிழமை

என் சித்திரக் கதையில் வரும் மலைநாட்டு மக்களுக்காக நான் உருவாக்கிய பட எழுத்தில் இன்று முதன்முறையாக ஒருவர் எழுதினார். என் அண்ணன்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சும் இல்லை, தமிழ் எழுத்தும் பிடிபடவில்லை.

பொழுதுபோகட்டும் என்று போன வாரம் செமோரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனபோது அவரிடம் அந்த எழுத்துப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "நாள் முழுக்க அதையேதான் பாத்துக்கிட்டு இருக்காருலா," என்றார் அண்ணி, இன்று நான் போனதும்.

அண்ணன் இடது கையால் மெல்ல வரைந்தார். மூடிய கதவு, பக்கத்தில் ஒரு பறவை. என் எழுத்தில் பறவை என்றால் 'போக வேண்டும்' என்று பொருள்.

"வெளிய போணுமாண்ணே?"

தலையசைத்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா கதவைக் காட்டிக் கத்துவாரு. காத்து வருதுன்னு சொல்றாருன்னு நெனச்சு சாத்திருவேன்."

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து கோப்பிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே பட்டியலில் இல்லாத ஒன்றை வரைந்தார். ஒரு கோப்பை, அதற்குள் சூரியன்.

"கோப்பி ஓ, பால் போடாம, சூடாவா?"

சிரித்தார். அந்த எழுத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். நான் யோசித்த எதையும்விட அது நன்றாக இருக்கிறது.